பழுப்பும் தளிரும்

ஒருவரைத் தேவை தீரும்வரை வைத்திருந்து பின்னர் ஒதுக்கிவிட்டால், கறிவேப்பிலை போலத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று சொல்வது நம் வழக்கு. சாப்பாட்டு இலையின் ஓரத்தில் ஒதுக்கப்படுவதற்கென்றே பிறந்த பொருளாக அதை நாம் நடத்தி வந்திருக்கிறோம். காய்கறிக் கடையில் நெடுங்காலம் அதற்கு விலையே இருந்ததில்லை. வாங்கியவற்றின் மேல் கடைக்காரர் போடும் கொசுறு அது. அந்தக் கொசுறின் ஒரே ஒரு செடியைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் ஏறத்தாழ ஓராண்டு அல்லாடினோம். அல்லாட்டத்தின் நடுவில் அதன் உடன்பிறப்பு ஒன்றை எங்கள் அக்கறையாலேயே கொன்றும் விட்டோம். இது அந்தக் கொலையைப் பற்றியும், அதிலிருந்து கற்றுக்கொண்ட இலை வாசிப்பைப் பற்றியுமான கட்டுரை.

திருவாரூருக்குத் தெற்கே இருந்த எங்கள் பூர்வீக வீட்டை 2022ஆம் ஆண்டு மே மாதம் விற்றோம். அம்மா மட்டும் தனியே தங்கி விளக்கேற்றிக்கொண்டிருந்த வீடு அது. கொல்லையில் கிணற்றடியை ஒட்டி ஒரு கறிவேப்பிலை மரம் நின்றது. கறிவேப்பிலை வேரிலிருந்தே கன்று விடும் இயல்புடையது. தாய்மரத்தைச் சுற்றி முளைத்திருந்த கன்றுகளில் இரண்டை அம்மா தேர்ந்தெடுத்து, மண்ணோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே சென்னை வரை வந்தார். பித்தளைப் பாத்திரங்களை விற்கச் சம்மதித்தவர், இந்தச் சாக்கை வண்டியின் பின்புறம் வைக்கக்கூடச் சம்மதிக்கவில்லை. ஆடி முடிவதற்குள் புதிய உரிமையாளர் கொல்லையைச் சமன்செய்துவிட்டார் என்ற செய்தி வந்தது. அதில் குறை சொல்ல ஏதுமில்லை, மண் அவருடையது. ஆனால் அன்றிலிருந்து அந்த மரத்தின் வழித்தோன்றல் என்று உலகில் எஞ்சியவை எங்கள் கூடத்து மண்தொட்டிகள் இரண்டும்தான்.

கூடத்து என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்களுடையது புறநகர் அடுக்ககத்தில் மூன்றாம் தளம். பால்கனியைத் துணி துவைக்கும் இயந்திரமும் ஏசியின் வெளிப்பெட்டியும் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. ஆகவே தொட்டிகள் கூடத்தின் கிழக்குச் சன்னலிலிருந்து இரண்டு முழம் தள்ளி, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இடம்பெற்றன.

சூலை மாதத்தில் இரண்டு செடிகளும் வெளிறத் தொடங்கின. செடிக்கு நோய் வந்தால் பார்த்தவரெல்லாம் மருத்துவர். சத்துப் போதவில்லை என்றார் ஒருவர். மண்புழு உரம் இட்டோம். வேப்பம் பிண்ணாக்கு வைத்தால் வேர் வலுக்கும் என்றார் இன்னொருவர், வைத்தோம். மெக்னீசியம் சல்பேட் கரைத்து ஊற்றச் சொன்னார்கள், ஊற்றினோம். டிஏபி குருணையில் ஒரு சிட்டிகை போட்டால் ஒரே வாரத்தில் தழைக்கும் என்று கேள்விப்பட்டு அதையும் போட்டோம். ஒவ்வொன்றும் ஐந்து நாள் இடைவெளியில். ஒன்று பலித்ததா பலிக்கவில்லையா என்று தெரியுமுன் அடுத்தது. செப்டம்பரில் முதல் கன்று இலைகளை முழுவதும் உதிர்த்துவிட்டுக் குச்சியாய் நின்றது. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தோம். உள்ளே பச்சை இல்லை.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தொட்டியை மட்டும் தம் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார்.

*

அந்தப் பருவத்தில் முதுகலை வகுப்பில் தொல்காப்பிய மரபியலை நடத்திக்கொண்டிருந்தோம். புல்லுக்கு உரிய உறுப்புப் பெயர்கள் இவை, மரத்துக்கு உரியவை இவை என்று வகுத்துச் சொல்லும் பகுதி அது. மரத்தின் வரிசையில் இலை, தளிர், முறி என்பவை தனித்தனியே வருகின்றன. ஒன்றையே மூன்று சொல்லால் சொன்னது எதற்கு என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டார். ஒன்றையே அன்று, பருவம் வேறு என்று விடை சொன்னோம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று நம் பேச்சு வழக்கும் இலையின் வாழ்நாளை அடுக்கிவைத்திருக்கிறது என்று கரும்பலகையில் எழுதியும் காட்டினோம். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஓர் உறுத்தல். இத்தனை சொற்களை வைத்துக்கொண்டு, வீட்டில் சாகக்கிடக்கும் செடியைப் பற்றி 'இலை மஞ்சளாகிறது' என்ற ஒற்றை வாக்கியத்தைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். எந்த இலை என்று நாங்கள் பார்க்கவும் இல்லை. மருந்து சொன்னவர்கள் கேட்கவும் இல்லை.

செடி வைத்தியத்தின் முதற்கேள்வி அதுதான் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. வெளிறுவது பழுத்த வயதுடைய அடியிலையா, நுனித் தளிரா? இந்த ஒரு கேள்வி நோய்களைப் பாதியாகப் பிரித்துவிடுகிறது. காரணம் எளியது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, மக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக் கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி மூத்த இலையிலிருந்து அவற்றைப் பெயர்த்துக் கொண்டுபோய்த் தளிருக்குக் கொடுக்கும். அதனால் முதலில் வாடுவது மூத்த இலை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்படி அல்ல. ஓர் இலையில் தங்கிவிட்டால் அவற்றைப் பெரும்பாலும் மீட்டெடுக்க முடியாது. அவை குறையும்போது மூத்த இலை பச்சையாகவே இருக்கும். தளிர்தான் வெளுத்துப் பிறக்கும்.

இரண்டாவது கேள்வி, வெளிறும் விதம். அடியிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்தை ஐயுறலாம். அடியிலையில் நரம்பு பச்சையாக நிற்க, நரம்புகளுக்கிடையே மட்டும் மஞ்சள் படர்ந்தால் மக்னீசியம். அடியிலையின் விளிம்பு கருகினால் சாம்பல் சத்து. அதே நரம்புப் பின்னல் தளிரில் தெரிந்தால் இரும்பு. இலையின் நுனி மட்டும் தீய்ந்தது போலப் பழுத்துக் கருகினால், அது பெரும்பாலும் பற்றாக்குறை அன்று. மண்ணில் உப்பு மிகுந்துவிட்டதன் அடையாளம்.

மூன்றாவது, இலையைத் திருப்பிப் பார்ப்பது. மேற்புறம் ஊசியால் குத்தியது போலப் புள்ளிகள் இருந்தால், ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இணுக்கைத் தட்ட வேண்டும். விழுந்த தூசு நகர்ந்தால் அது தூசு அன்று, செஞ்சிலந்திப் பேன். கணுவில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. இலையில் பிசுபிசுப்பும் கரிப்படலமும் இருந்தால், மேலே எங்கோ ஒரு பூச்சி சாற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. கறிவேப்பிலை எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆதலால் எலுமிச்சையைத் தேடி வரும் பூச்சிகள் இதையும் விட்டுவைப்பதில்லை.

சொல்லில் இன்னொரு திருத்தமும் கிடைத்தது. நாம் இலை என்று கிள்ளிப் போடுவது தாவரவியலில் சிற்றிலைதான். இணுக்கு என்று சொல்கிறோமே, அந்த முழுக் காம்பும் சேர்ந்ததே ஓர் இலை. எந்தச் சிற்றிலை மூத்தது என்று தேடுவதில் பொருளில்லை. எந்த இணுக்கு மூத்தது என்றே பார்க்க வேண்டும்.

அன்று மாலையே இரண்டாவது கன்றின் முன் உட்கார்ந்தோம். மேலிருந்து கீழாக ஒவ்வோர் இணுக்காகப் பார்த்துத் தாளில் எழுதினோம். நுனியில் இருந்த மூன்று இணுக்குகளில் மஞ்சள் நிலத்தில் பச்சை நரம்புப் பின்னல். கோலம் போட்டது போல அத்தனை தெளிவு. நடு இணுக்குகள் பச்சை. அடி இணுக்குகளில் ஒவ்வொரு சிற்றிலையின் நுனியும் கருகியிருந்தது. தாளைத் தட்டிப் பார்த்தோம், ஒன்றும் நகரவில்லை. ஆக, மேலே ஒரு நோய், கீழே ஒரு நோய். மேலே இருப்பது இரும்புக் குறை, கீழே இருப்பது உப்பு மிகை. நாங்கள் இதுவரை கொடுத்தவற்றில் இரும்பு என்று தனியே எதுவும் இல்லை. உப்பு நிறைய இருந்தது.

*

இரும்பு வாங்கப் புறப்பட்டவர்களைத் தடுத்தவர் அம்மா. அதுவரை அவர் இந்த விவகாரத்தில் வாய் திறந்ததில்லை.

"எலையவே எத்தன நாளைக்குப் பாப்பீங்க? தொட்டியக் கவுத்துப் பாருங்கப்பா" என்றார்.

செய்தித்தாளை விரித்துத் தொட்டியைச் சாய்த்து, விளிம்பைத் தட்டி, மண்கட்டியை வெளியே எடுத்தோம். முதலில் வந்தது நாற்றம். சாக்கடையோரத்துச் சேற்றின் நாற்றம். அடித்துளையை மூடியிருந்த ஓட்டுச் சில்லின் மேல் களிமண் பூசினாற்போல் படிந்து துளையை அடைத்திருந்தது. மண்கட்டியின் கீழ்ப்பாதியில் வேர்கள் பழுப்பு நிறமாகி, இழுத்தால் தோல் மட்டும் உறை போலக் கழன்று வந்தது. மேற்பாதியில் நல்ல வேர்கள் வெள்ளையாக இருந்தன. தொட்டியின் உட்சுவரிலும் வெளிச்சுவரிலும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் பூச்சு. அந்தப் பூச்சை நாங்கள் மாதக்கணக்கில் பார்த்திருக்கிறோம். மண்தொட்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

வேரும் மூச்சு விடும். மண்துகள்களுக்கிடையே காற்று இருக்க வேண்டிய இடத்தில் எந்நேரமும் நீர் நின்றால் அது மூச்சடைத்து அழுகும். அழுகிய வேரால் நீரை எடுக்க முடியாது. ஆகவே நீரில் நிற்கும் செடியும் நீரில்லாத செடியைப் போலவே தொங்கும். தொங்குவதைப் பார்த்து மேலும் ஒரு குவளை ஊற்றுவோம். முதல் கன்றை நாங்கள் கொன்றது இப்படித்தான். இலை தாகம் என்று சொன்னதாக நாங்கள் படித்தோம். அது சொன்னது மூச்சுத் திணறல்.

அடுத்த கேள்வி, இந்த உப்பு எங்கிருந்து வந்தது? உரத்திலிருந்து கொஞ்சம். மீதிக்கான விடை சமையலறையில் இருந்தது. எங்கள் குடியிருப்புக்கு ஆழ்துளைக் கிணற்று நீர். குடிப்பதற்கு ஆர்.ஓ. கருவி. அது சுத்திகரித்துக் கொடுக்கும் நீரைவிடக் கழித்துத் தள்ளும் நீர் அதிகம். வீணாக்கக் கூடாதென்று அந்தக் கழிவுநீரை ஒரு வாளியில் பிடித்து, நாள்தோறும் செடிகளுக்கு ஊற்றி வந்தோம். நல்ல காரியம் செய்வதாகவே நம்பினோம். கருவியைப் பழுதுபார்க்க வந்த இளைஞரிடம் அளவுமானி இருந்தது. வாளியில் முக்கிப் பார்க்கச் சொன்னோம். லிட்டருக்கு 1,600 மில்லிகிராம் கரைந்த உப்பு என்று காட்டியது. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஏற்கத்தக்க அளவு 500. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. எங்கள் குடலுக்கு வேண்டாமென்று கருவி பிரித்துத் தள்ளிய உப்பையெல்லாம் ஒரு சாண் உயரத் தொட்டியில் ஆறு மாதம் சேமித்திருக்கிறோம். துணி அலசவும் தரை துடைக்கவும் ஆகும் நீர் அது. தொட்டிச் செடிக்கு ஆகாது.

வேதியியல் துறை நண்பரிடம் தாள் வாங்கித் தொட்டி மண்ணைக் கரைத்து நனைத்துப் பார்த்தோம். காரஅமில எண் 8ஐத் தாண்டியது. இரும்புக் குறையின் முடிச்சு அங்கே அவிழ்ந்தது. மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. டெல்டா மண்ணோடு சேர்த்து நாங்கள் கலந்ததே செம்மண். அதன் சிவப்பே இரும்பினால் வந்தது. ஆனால் எண் 7ஐக் கடந்து காரம் ஏற ஏற, இரும்பு நீரில் கரையாத துருவாகி, வேரின் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது. சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் கை கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பவனின் பசி அது. அவனுக்கு மேலும் சோறு கொண்டுவந்து வைப்பதால் பயனில்லை. கட்டை அவிழ்க்க வேண்டும்.

ஊரில் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவார்கள். அம்மாவும் இரண்டு முறை ஊற்றியிருந்தார். பலன் இல்லை என்று நாங்கள் உள்ளூரச் சிரித்தோம். அந்த வைத்தியத்தில் பொருள் உண்டு என்பது இப்போது விளங்கியது. மோரின் புளிப்பு காரத்தைச் சற்றுத் தணிக்கும். ஆனால் மாதத்தில் ஒருநாள் ஊற்றும் ஒரு குவளை மோர், முப்பது நாளும் ஊற்றும் கார நீரோடு எப்படிப் போராடும்? தோற்றது அம்மாவின் மோர் அன்று, எங்கள் வாளிதான் அதைத் தோற்கடித்தது.

*

அழுகிய வேர்களை வெட்டினோம். மீந்த வேரைக் கழுவி, செம்மண்ணும் ஆற்றுமணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, துளை அகலமான புதுத் தொட்டியில் நட்டோம். அது நவம்பர் மாதம். வடகிழக்குப் பருவமழை எங்களுக்கு உதவியது. மொட்டைமாடியில் பாத்திரங்கள் வைத்து மழைநீர் பிடித்தோம். அதைத் தவிர வேறெதையும் ஊற்றவில்லை. ஒரே ஒருமுறை மட்டும் அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, வெயில் தாழ்ந்தபின் தளிர்மேல் தெளித்தோம். கட்டு அவிழும்வரை பசியாற்ற ஒரு கவளம்.

இடத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வான் ஹெல்மாண்ட் என்ற மருத்துவர் 200 பவுண்டு உலர்மண் இட்ட தொட்டியில் வில்லோ மரக்கன்று ஒன்றை ஐந்தாண்டு வளர்த்த சோதனை புகழ்பெற்றது. அவர் இறந்தபின் 1648இல் அச்சேறியது. மரம் 164 பவுண்டு கூடியிருக்க, மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்சு. மரம் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். காற்றும் ஒளியும் செய்த வேலை அவர் கண்ணுக்குப் படவில்லை. எங்கள் கண்ணுக்கும் படவில்லை. நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் கூடத்தின் நடுவில் அது சில நூறுதான். இருட்டில் இருக்கும் செடி குறைவாகவே நீர் குடிக்கும். குடிக்காத நீர் தொட்டியில் நிற்கும். மற்றவை மேலே சொன்னவை. உரம் போதாது என்று நாங்கள் நினைத்த நாளெல்லாம் அதற்குப் போதாமலிருந்தது வெயில். ஏசிப் பெட்டிக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்துத் தொட்டியைச் சன்னலுக்கு வெளியே ஏற்றினோம். அம்மாவின் நாற்காலியும் சன்னலோரம் நகர்ந்தது.

அதன்பின் செய்தது, ஒன்றும் செய்யாமலிருந்தது. மிகக் கடினமான பகுதி இதுதான். கருகிய நுனி மறுபடி பச்சையாவதில்லை. பழைய இலையைப் பார்த்துக் குணமானதா என்று அறிய முடியாது. புதிய இலை வரும்வரை தீர்ப்பு இல்லை. இடையில் கை அரிக்கும். ஏதாவது ஊற்றலாமே என்று தோன்றும். விரலை மண்ணில் ஒரு கணு அளவு நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் மழைநீர். இல்லையேல் திரும்பி வந்துவிடுவது. திசம்பரும் சனவரியும் அப்படிப் போயின. அடி இணுக்குகள் உதிர்ந்தன. நான்கே நான்கு மிஞ்சின. எல்லாம் முடிந்தது என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்ட இரவுகள் உண்டு. அம்மாவின் காதில் விழாதபடி.

மாசியில் கணுவொன்று தடித்தது. பங்குனித் தொடக்கத்தில் விரிந்த இணுக்கு, நரம்பு எது, இடைவெளி எது என்று பிரித்தறிய முடியாத பச்சையாக இருந்தது.

கறிவேப்பிலையின் தாவரவியற் பெயரில் கோனிக் என்ற மருத்துவரின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லின்னேயஸின் மாணவர், 18ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, மருத்துவம் பார்த்தபடியே நம் செடிகளைத் தொகுத்தவர். எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி தொலைவில்லை. நோயைப் பார்க்கத் தெரிந்தவரின் பெயர் இந்தக் கொசுறு இலைக்கு வாய்த்திருப்பது பொருத்தமாகவே படுகிறது. எங்களுக்கு அந்தப் பார்வை ஒரு செடியைப் பலி கொடுத்த பின்னரே வந்தது. அறியாமை அந்தச் செடியைக் கொல்லவில்லை. அறிந்துகொள்ளுமுன் உதவி செய்துவிடத் துடித்த அவசரமே கொன்றது.

2023 சித்திரை முதல் நாள் அம்மா சன்னலுக்கு வெளியே கை நீட்டி ஓர் இணுக்கை ஒடித்தார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றுவிட்டோம். ஒடித்தால்தான் கிளைக்கும் என்றார் அவர்.

அன்றைய ரசத்தில் கிடந்த இலைகளை எங்களில் யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.